பழைய இடத்தில் புது ரெக்கையா, கூரையா, கடலா, புது நிலமா? தமிழ்நாட்டுக் காற்றாலை விவாதத்தில் நான்கு வழிகள்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் வாரத்தில் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் ரெக்கைகள் சுற்ற ஆரம்பித்துவிடும். இரண்டையும் கொண்டுவருவது ஒரே மேல்காற்றுதான். மலையில் மழையை இறக்கிவிட்டுச் செங்கோட்டைக் கணவாய் வழியாக வெறுங்காற்றாகக் கிழக்கே பாய்கிறது. தெற்கே ஆரல்வாய்மொழியிலும், வடக்கே கம்பத்திலும் பாலக்காட்டிலும் இதே கதை. இந்த நான்கு கணவாய்களை நம்பித்தான் தமிழ்நாடு முப்பது ஆண்டுகளாக இந்தியாவில் காற்றாலைக்கு முதலிடத்தில் இருந்தது. இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியும், குஜராத் நம்மைத் தாண்டிவிட்டது.

அடுத்து எங்கே வளர்ப்பது என்பதுதான் இப்போதைய சண்டை. கடந்த ஓராண்டில் என்னிடம் வந்த கேள்விகளைப் பார்த்தால் சண்டையின் நான்கு முனைகளும் தெரிகின்றன. 250 கிலோவாட் பழைய காற்றாலை ஒன்றை வைத்திருக்கும் கோவை நூற்பாலைக்காரர், அதைக் கழற்றிப் புதிது போடலாமா என்று கேட்கிறார். கயத்தாறு பக்கத்து விவசாயியிடம் நிலம் கேட்டு ஆள் வந்திருக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு மீனவர் சங்கம் கடல் காற்றாலைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிறது. மதுரையில் ஒரு குடும்பம், "காத்தாலையே வேண்டாம், கூரையில சோலார் போதாதா?" என்கிறது. வள்ளியூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டதுதான் மனதை விட்டுப் போகவில்லை. "அண்ணாச்சி, காத்து எங்க ஊரு மேலதான் வீசுது. கரண்டு கோயம்புத்தூர் மில்லுக்குப் போகுது. எங்களுக்கு என்ன இருக்கு?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல காற்று அடிக்கும் இடங்களில் சின்னக் காற்றாலைகள் நிற்கும்வரை, புது நிலத்தைத் தேடிப் போவது தவறான வரிசை. பழைய இடம் முதலில், கூரை அதோடு சேர்ந்தே, புது நிலம் நிபந்தனையோடு, கடல் நிதானமாக. ஏன் என்பதைக் கீழே விரிக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எந்த மாதம், எந்த நேரம். காற்றாலையின் ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்குள் வந்துவிடுகிறது. 2024இல் தமிழ்நாட்டின் மின்தேவை உச்சம் தொட்டதோ மே 2 அன்று, 20,830 மெகாவாட். மேல்காற்று இறங்குவதற்கு முந்தைய புழுக்க நாட்கள் அவை. ஆகவே 'எத்தனை மெகாவாட்' என்ற கணக்கோடு, அது எப்போது கைக்கு வரும் என்றும் கேட்க வேண்டும். ஆகஸ்டில் மிஞ்சும் மின்சாரத்தை ஏப்ரலுக்குக் கொண்டுபோகப் பானை எதுவும் நம்மிடம் இல்லை.

முழு விலை. ஏலத்தில் விழும் விலை ஒரு பகுதிதான். மின்கம்பித் தடம், துணைமின் நிலையம், காற்று சட்டென்று அடங்கும்போது அவசரத்துக்கு வாங்கும் மின்சாரம், அரசு தரும் மானியம், கடைசியில் இயந்திரத்தை அகற்றும் செலவு எல்லாம் சேர வேண்டும்.

நிலமும் தண்ணீரும். எத்தனை ஏக்கர் என்பதைவிட எந்த ஏக்கர் என்பது முக்கியம். ஓடைக்குக் குறுக்கே போடும் பாதை, கண்மாய்க்கு வரும் தண்ணீரை மறித்துவிடும்.

பேச இடம் இருக்கிறதா. இதைப் பலர் அறிவதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ், நிலத்தில் வரும் காற்றாலைக்கும் சூரிய மின் பூங்காவுக்கும் முன் அனுமதி தேவையில்லை. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கட்டாயமில்லை. நிலம் கைமாறி, கிரேன் வந்து நின்ற பிறகுதான் ஊருக்கு விஷயமே தெரிகிறது. விவாதம் தெருவில் வெடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

| வழி | பலம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | சுமப்பவர் |
|---|---|---|---|
| பழைய இடத்தில் புதிது | சோதித்தறிந்த காற்று, இருக்கும் தடம் | பேங்கிங் (மின்சாரத்தை வாரியக் கணக்கில் சேர்த்து வைக்கும் சலுகை) இழப்பு, பழைய ரெக்கைக் கழிவு | சிறு உரிமையாளர் |
| கூரை, சூரிய ஒளி | கோடைப் பகலில் உதவும் | மாலை 6 மணிக்குப் பின் வேறு வழி வேண்டும் | மின்வாரியம். பெரிய பூங்கா என்றால் மேய்ச்சல்காரர் |
| கடல் | வலுவான காற்று, நிலச் சிக்கல் இல்லை | பெரும் மானியம், துறைமுகம், கடலடிக் கேபிள் | மீனவர், வரி கட்டுபவர் |
| புது நிலம் | விரைவு, குறைந்த விலை | பாதை, ஓடை, மின்தடம் | நிலம் கொடுத்தவரும் கொடுக்காத பக்கத்து நிலத்தாரும் |

## பழைய இடத்தில் புது இயந்திரம்

தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986இல் 55 கிலோவாட் இயந்திரங்களை நட்டுத்தான் தமிழ்நாடு தொடங்கியது. தொண்ணூறுகளில் வரிச்சலுகையை நம்பி ஆலைகள் வரிசையாக வந்தன. முதலில் வந்தவர்கள் காற்று மிக நன்றாக அடிக்கும் இடங்களை எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் முதல்தரக் காற்றில் இன்றும் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் 30 மீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2 மெகாவாட்டுக்குக் கீழான இயந்திரங்களை மாற்றுவதால் எழும் வாய்ப்பு நாடு முழுக்க 25,000 மெகாவாட்டுக்கு மேல். அதில் 7,000 மெகாவாட்டுக்கு மேல் தமிழ்நாட்டில்.

பௌதிகம் எளிது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் ஆற்றல் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடும். உயரே போகப் போக வேகம் கூடும். இன்றைய இயந்திரம் 120 முதல் 140 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. பத்து 250 கிலோவாட் இயந்திரங்கள் சேர்ந்தால் 2.5 மெகாவாட். ஆண்டில் 18 விழுக்காட்டுப் பயன்பாடு (ஆண்டு முழுக்க முழுத்திறனில் ஓடினால் வருவதில் 18 விழுக்காடு) என்று வைத்தால் சுமார் 39 லட்சம் யூனிட். அதே 2.5 மெகாவாட்டுக்கு ஒரே புது இயந்திரம், 32 விழுக்காடு என்றால் சுமார் 70 லட்சம் யூனிட். பத்துத் தூண் நின்ற இடத்தில் ஒரு தூண். மின்சாரம் ஏறத்தாழ இரட்டிப்பு.

இவ்வளவு லாபம் என்றால் ஏன் நடக்கவில்லை? ஒன்றிய அரசு 2016இல் கொள்கை வெளியிட்டு, 2023இல் அதைத் திருத்தியது. தமிழ்நாடு 2024இல் தனக்கென ஒன்று கொண்டுவந்தது. கொள்கைக்குப் பஞ்சமில்லை. முட்டுக்கட்டை இரண்டு.

முதலாவது பேங்கிங். 2018 மார்ச் 31க்கு முன் நிறுவிய காற்றாலைக்காரர், ஆடியில் விளைந்த யூனிட்டுகளை வாரியக் கணக்கில் வைத்துவிட்டு ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். நூறு வைத்தால் 14 கழித்து 86 திரும்பி வரும். அதற்குப் பின் வந்தவற்றுக்கு அந்த மாதத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். பழையதைக் கழற்றினால் இந்தச் சலுகையும் சேர்ந்து கழன்றுவிடும் என்பதுதான் ஆலைக்காரர்களின் பயம். பொய்ப் பயம் இல்லை. ஜனவரியில் ஆலை ஓட்ட ஜூலைக் காற்றை நம்பியிருப்பவருக்கு இது உயிர்நாடி. வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. காற்று மிஞ்சும் காலத்தில் வாங்கி வைத்து, தட்டுப்பாட்டுக் காலத்தில் விலை கொடுத்து வாங்கித் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அந்த நட்டம் கடைசியில் எல்லோர் கட்டணத்திலும் ஏறும். புது இயந்திரத்தின் உற்பத்தியில் பழைய அளவுக்கு மட்டும் பழைய பேங்கிங், கூடுதலாக வருவதற்குப் புது விதி என்று பிரித்தால் இந்த முடிச்சு அவிழும் என்பது என் கருத்து.

இரண்டாவது, உரிமை சிதறிக் கிடப்பது. பத்துத் தூணுக்குப் பத்து உரிமையாளர். ஒருவர் காலமாகிப் பிள்ளைகளுக்குள் பாகம் பிரியாமல் இருக்கும். இன்னொருவருக்கு வங்கிக் கடன் தீர்ந்திருக்காது. பெரிய ரெக்கைகள் ஒன்றின் காற்றை ஒன்று திருடாமலிருக்க, காற்றோட்டத் திசையில் விட்டத்தைப் போல ஏழு மடங்கு இடைவெளி தேவைப்படும். பத்துப் பேரும் ஒப்புக்கொள்ளாமல் ஒன்றும் நடக்காது.

மறைந்த செலவு ஒன்று உண்டு. பழைய ரெக்கை கண்ணாடி இழையும் ரெசினும் கலந்தது. இரும்பைப் போல உருக்கி விற்க முடியாது. ஆயிரக்கணக்கில் கழற்றும்போது எங்கே போடுவது என்று இப்போதே முடிவு செய்யாவிட்டால், அது தேரிக்காட்டிலும் ஓடைக்கரையிலும் வந்து விழும்.

எனவே கோவை நண்பருக்கு என் பதில்: உங்கள் இயந்திரம் இருபது ஆண்டு தாண்டி, சுற்றியிருப்பவர்கள் சேரத் தயாராக இருந்தால், நிறுவனமாகச் சேர்ந்து பங்கு அடிப்படையில் மாற்றுங்கள். கியர்பாக்ஸ் இன்னும் நன்றாக ஓடுகிறது, பேங்கிங்கை நம்பித்தான் ஆலை நிற்கிறது என்றால் ஆயுள் நீட்டிப்பே போதும், அவசரப்பட வேண்டாம்.

## கூரையும் சூரிய ஒளியும்

மே மாத மதிய உச்சத்தைச் சமாளிக்கச் சூரிய ஒளிதான் பொருத்தம். காற்று அதற்கு உதவாது. அதே சூரியன் ஐப்பசி அடைமழையில் மங்கும், மாலையில் மறையும். காற்று அப்படியல்ல, பருவத்தில் இரவெல்லாம் வீசும். ஆகவே மதுரைக் குடும்பத்தின் கேள்விக்கு நேர்ப் பதில், "போதாது." இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை.

கூரையின் பெரிய பலம், புதிதாக ஒரு சென்ட் நிலம்கூட வேண்டாம் என்பது. 2024 பிப்ரவரியில் வந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு 3 கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 யூனிட் தரும். ஆனால் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் கொஞ்ச தூரம் விலை மலிவு. 200, 300 யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்கு முதலீடு திரும்ப வெகுநாள் ஆகும். இரண்டு ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீடு, பகலில் ஓடும் கடை, பள்ளி, மருத்துவமனை, குளிர்பதனக் கிடங்கு இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம்.

பெரிய சூரியப் பூங்கா வேறு விஷயம். கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் பூங்கா 2,500 ஏக்கரை மூடிக்கொண்டது. காற்றாலைக்கு அடியில் உளுந்தும் மல்லியும் விதைக்கலாம். பேனலுக்கு அடியில் பெரும்பாலும் வேலிதான். தரிசு என்று வருவாய்த்துறைக் கணக்கில் எழுதியிருக்கும் நிலம், ஆடு மேய்ப்பவருக்குத் தரிசு இல்லை.

மாலை நேரத்துக்குச் சேமிப்பு வேண்டும். மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது ஒரு வழி. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று நிலையம் 400 மெகாவாட். எண்பதுகளின் கடைசியிலிருந்து அதைத்தான் செய்கிறது. நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் கட்டுமானத்தில் இருக்கிறது. இவை இல்லாமல் சோலாரை மட்டும் கூட்டுவது, பகலில் விலைபோகாத மின்சாரத்தையும் இரவில் நிலக்கரியையும் ஒரே வீட்டில் வைத்திருப்பதாக முடியும்.

## கடல்

மன்னார் வளைகுடாவில் வீசும் கச்சான் என்ற மேல்காற்று, நிலத்தில் கிடைப்பதைவிட வலுவானது, நிலையானது. தனுஷ்கோடியில் 100 மீட்டர் கோபுரம் நட்டு அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கடல் காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015இல் வந்தது. 2018இல் வைத்த இலக்கு, 2030க்குள் 30,000 மெகாவாட். இந்தியக் கடலில் ஓடும் காற்றாலைப் பண்ணை இன்னும் ஒன்றுமில்லை. தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு 2024இல் கேட்ட டெண்டரும் மறு ஆண்டே விலக்கிக்கொள்ளப்பட்டது.

காரணம் விலை. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 1,000 மெகாவாட்டுக்கு, குஜராத்தில் பாதி தமிழ்நாட்டில் பாதி என, 6,853 கோடி ரூபாய் இடைவெளி நிதி (திட்டம் கட்டுப்படியாக அரசு தரும் மானியம்) ஒதுக்கியது. மெகாவாட்டுக்கு ஆறேமுக்கால் கோடிக்கு மேல். நிலத்தில் ஒரு மெகாவாட் காற்றாலையை நட்டு முடிக்க ஆகும் மொத்தச் செலவை இந்த மானியம் மட்டுமே நெருங்கிவிடும். துறைமுகங்களுக்கு 600 கோடி தனி.

அடுத்தது கடல் யாருடையது என்ற கேள்வி. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்த 21 தீவுகள் இந்த வளைகுடாவில்தான் இருக்கின்றன. பவளப்பாறை, கடற்புல், கடல்பசு. இவற்றைத் தள்ளி ஆழத்தில்தான் நடுவார்கள் என்றாலும், கேபிள் கரைக்கு வந்தே ஆக வேண்டும். சங்கு குளிப்பவர், பாசி எடுக்கும் பெண்கள், வல்லத்துக்காரர், விசைப்படகுக்காரர் நால்வருக்கும் நான்கு விதமான கடல் உண்டு. ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம் ஏற்கெனவே விசைப்படகைக் கரையில் கட்டிப்போடுகிறது. தூணைச் சுற்றி எவ்வளவு தூரம் வலை போடக்கூடாது, தூண்டில் மட்டும் போடலாமா, வலை சிக்கினால் யார் தருவார்கள் என்று எழுத்தில் சொல்லாமல் "மீனவருக்குப் பாதிப்பில்லை" என்று மேடையில் சொல்வதில் பொருளில்லை.

கடல் எப்போது சரியான தேர்வு? நிலத்துக் காற்றும் கூரையும் நிரம்பி, தூத்துக்குடித் துறைமுகம் பெரிய பாகங்களைக் கையாளத் தயாராகி, விலை இறங்கியபின். டென்மார்க்கே 1991இல் விண்டபி என்ற இடத்தில் 11 சிறு இயந்திரங்களோடுதான் கடலில் கால் வைத்தது. 500 மெகாவாட்டை முன்னோட்டமாக, மீனவர் சங்கங்களோடு சேர்ந்து செய்து பார்ப்பதை ஆதரிப்பேன். அதைத் தாண்டி இப்போது அவசரம் இல்லை.

## புது நிலம்

கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம் கரிசல்பக்கம்தான் இப்போது நிலம் கேட்டு ஆள் வருகிறார்கள். ஒரு தூணுக்கு நிலம் கொஞ்சம்தான். மீதியில் விவசாயம் நடக்கும். நிறுவ ஓரிரு ஆண்டு போதும். விலையும் குறைவு: 2017 பிப்ரவரியில் காற்றாலை மின்சாரத்துக்கு நாட்டில் நடந்த முதல் ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது, தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டு நிர்ணயித்திருந்தது 4 ரூபாய் 16 காசு. ஆனால் அந்த ஏலத்தோடு சிறிய ஆலைக்காரர் ஓரங்கட்டப்பட்டு, பெரிய நிறுவனங்களின் களமாக இது மாறியது. ஊருக்கும் உரிமையாளருக்கும் இருந்த முகப்பழக்கம் அறுந்தது.

மறைந்த செலவு எல்லாம் தூணுக்கு வெளியே இருக்கிறது. எழுபது மீட்டர் ரெக்கையை ஏற்றிய டிரெய்லர் திரும்பப் பாதை அகலமாக வேண்டும். அந்தப் பாதை வரப்பையும் ஓடையையும் வெட்டும். கரிசலில் மழைத்தண்ணீர் நின்றால் பயிர் போச்சு. கண்மாய்க்குப் போகாவிட்டாலும் பயிர் போச்சு.

கடலுக்கு அப்பால் நடந்ததைப் பாருங்கள். இலங்கையின் மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் தம்பபவனி என்ற 103.5 மெகாவாட் காற்றாலைப் பண்ணை வந்தது, 30 இயந்திரங்கள். அதன்பின் மழைநீர் வடியாமல் தேங்குகிறது, மீன்பாடு குறைந்தது என்று தீவு மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம் என்று சூழலியலாளர்கள் எச்சரித்தார்கள். அடுத்து மன்னாரிலும் பூநகரியிலும் வரவிருந்த 484 மெகாவாட் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. அதற்குப்பின் வந்த சிறு திட்டங்களையும் எதிர்த்து அதே ஆண்டு ஆகஸ்டில் தீவே திரண்டது. ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அந்த மக்களைக் காற்றாலைக்கு எதிரிகள் என்று எழுதுவது அநியாயம். தண்ணீர் எங்கே போகும் என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு முதல் திட்டத்திலேயே பதில் வந்திருக்க வேண்டும்.

கயத்தாறு விவசாயிக்குச் சில கணக்குகள். ஒன்றிய அரசின் 2016 வழிகாட்டுதலின்படி குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி நட வேண்டும். பொதுச்சாலை, கட்டடம், உயரழுத்த மின்தடம் இவற்றிலிருந்து, தூணின் உயரத்தோடு ரெக்கை விட்டத்தில் பாதியும் 5 மீட்டரும் கூட்டிய தூரம். 140 மீட்டர் தூண், 150 மீட்டர் விட்டம் என்றால் 220 மீட்டர். டேப் பிடித்து நீங்களே அளக்கலாம்.

விற்பதா, குத்தகைக்கு விடுவதா என்றால், மானாவாரி நிலம் கைவிட மனமில்லாதவர்களுக்குக் குத்தகையே மேல், ஆண்டுக்காண்டு ஏறும் தொகையோடு. பிள்ளைகள் ஊரில் இல்லை, நிலம் தரிசாகக் கிடக்கிறது என்றால் விற்பதிலும் குற்றமில்லை. ஆனால் புரோக்கருக்குப் பவர் எழுதிக் கொடுக்காமல் நிறுவனத்துக்கே நேராகக் கிரயம் செய்யுங்கள். குத்தகையோ கிரயமோ, ஓடையில் எத்தனை குழாய்ப் பாலம், மின்கம்பி எந்தச் சர்வே எண் மேல் போகும், இருபத்தைந்து ஆண்டு கழித்து அஸ்திவாரத்தை யார் தோண்டி எடுப்பார்கள் என்ற மூன்றும் பத்திரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து நிலத்தாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். தனியாகப் போனவருக்குக் கிடைத்த விலையும் சேர்ந்து போனவர்களுக்குக் கிடைத்த விலையும் ஒன்றாக இருந்ததே இல்லை.

வள்ளியூர்ப் பெரியவரின் கேள்விக்கு டென்மார்க் ஒரு காலத்தில் சட்டத்திலேயே பதில் வைத்திருந்தது. 2009 முதல் அங்கே புதிதாகக் காற்றாலை நடுகிறவர், 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு 20 விழுக்காட்டுப் பங்கை அடக்க விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டும். பின்னர் அந்த முறை மாறியது. நம் ஊரில் பங்கு வாங்கப் பணம் எத்தனை பேரிடம் இருக்கும் என்பது நியாயமான சந்தேகம்தான். அதனால் நான் கேட்பது வேறு: விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் சில பைசா, ஊராட்சியின் தனிக் கணக்கில், கண்மாய் மராமத்துக்கு என்று எழுதி வைத்து. 2.5 மெகாவாட் தூண் ஒன்று 70 லட்சம் யூனிட் தந்தால், யூனிட்டுக்கு 5 பைசா வீதம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். ஊர் எல்லைக்குள் இருபது தூண் நின்றால் 70 லட்சம். அடுத்த கிராமசபையில் இந்தக் கணக்கை வாசித்துத் தீர்மானமாகப் போடச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன்.